ஆடாத ஆட்டங்களின் கணக்கு: பாரி ராப்ரனைப் படிப்பது எப்படி?

பாரி ராப்ரன் என்ற ஆஸ்திரேலிய ஃபுட்டி ஆட்டக்காரரைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. சின்னக் குறிப்பில், அறிமுக உரையில், எல்லாவற்றிலும் அதேதான்: "விஎஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடாத ஆகச் சிறந்த ஆட்டக்காரர்." பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். எனக்கும் முதலில் படித்தபோது பெரிய பாராட்டாகத்தான் பட்டது. நாலைந்து இடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. ஒருவர் பதினான்கு பருவம் என்னென்ன ஆடினார் என்று சொல்வதற்கு முன்பே, எதை ஆடவில்லை என்று ஏன் சொல்கிறோம்?

இந்த உறுத்தலைக் கொஞ்சம் துருவிப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு. ஃபுட்டி தெரியாதவர்களுக்காக அடிப்படை விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் என்பது நீள்வட்ட மைதானத்தில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் ஆடும் ஆட்டம். பந்தும் நீள்வட்டம்தான். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரக் கம்பங்களுக்கு இடையே போனால் 1 புள்ளி. உதைத்த பந்தைத் தரையில் படாமல் பிடித்தால் அதற்கு 'மார்க்' என்று பெயர். பிடித்தவருக்கு யாரும் இடைஞ்சல் செய்யாமல் உதைக்கும் உரிமை கிடைக்கும்.

இன்று இந்த ஆட்டத்துக்கு ஏஎஃப்எல் என்று ஒரே ஒரு தேசிய லீக் இருக்கிறது. அதனால் எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடுகிறோம். அது தப்பு. 1980கள் வரை ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி லீக். மெல்போர்னை மையமாகக் கொண்ட விக்டோரியாவின் லீக்தான் விஎஃப்எல். அது முதல் பருவம் ஆடியது 1897இல். தென் ஆஸ்திரேலிய லீக்கின் வரலாறு 1877இல் தொடங்குகிறது. விஎஃப்எல்லை விட இருபது வருடம் மூத்தது. மாநிலத்தின் சிறந்த, நேர்மையான ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் விருதும் அப்படியே. தென் ஆஸ்திரேலியாவின் மகாரி பதக்கம் 1898இலேயே வந்துவிட்டது. விக்டோரியாவின் பிரவுன்லோ பதக்கம் 1924இல்தான் வந்தது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்மிடம் தயாராக ஒரு ஒப்பீடு இருக்கிறது. ரஞ்சிக் கோப்பையில் 600க்கு மேல் விக்கெட் எடுத்தும் ஒரு டெஸ்ட்கூட ஆடாத ராஜிந்தர் கோயலின் கதை. ராப்ரனை அந்த வரிசையில் வைத்துவிடத் தோன்றும். ஆனால் கோயலுக்கு ரஞ்சி என்பது ஏணியின் ஒரு படி. மேல் படியில் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. ராப்ரன் காலத்து ஃபுட்டியில் ஏணி கிடையாது. ஒரே தெருவில் தனித்தனி வீடுகள். ஒரு வீடு பெரிசு, பணக்கார வீடு, அவ்வளவுதான். அந்தப் பெரிய வீட்டிலிருந்து ராப்ரனுக்கு அழைப்புகளும் வந்தன. அவர் போகவில்லை.

சரி, அவர் என்ன செய்தார்?

1947இல் வையாலாவில் பிறந்தார். ஸ்பென்சர் வளைகுடாக் கரையில், அடிலெய்டிலிருந்து சாலை வழியே கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இரும்பு, கப்பல் கட்டும் ஊர். அங்கிருந்து அடிலெய்டுக்கு வந்து 1967இல் நார்த் அடிலெய்டு அணிக்கு ஆட ஆரம்பித்தார். அடுத்த வருடமே, இருபது வயதில், மகாரி பதக்கம். 1970இல் மறுபடியும். 1973இல் மூன்றாவது தடவை. தன் அணியின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஏழு முறை. 1971, 1972 இரண்டு வருடமும் நார்த் அடிலெய்டு சாம்பியன். இதற்கு நடுவே தென் ஆஸ்திரேலியாவுக்காக முதல் தரக் கிரிக்கெட்டும் ஆடியிருக்கிறார்.

பிறகு 1974. சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் விக்டோரியாவுக்கு எதிரான மாநில ஆட்டம். அதில் முழங்கால் போய்விட்டது. அப்போது வயது 26. நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்தார், பிறகு அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார், 1980இல் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். மொத்தம் 201 ஆட்டங்கள். 1967 முதல் 1980 வரை பதினான்கு பருவம். பருவத்துக்கு இருபது ஆட்டம் என்று குறைத்துப் போட்டாலே 280 வரவேண்டும். 201க்கும் 280க்கும் இடையில் இருப்பதுதான் அந்த முழங்கால்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ராப்ரனை உயர்த்த அவருடைய ரசிகர்கள் வழக்கமாக மூன்று வாதங்கள் வைக்கிறார்கள். மூன்றுமே நல்லெண்ணத்தில் வருபவை. மூன்றிலும் எனக்குச் சிக்கல் இருக்கிறது.

முதல் வாதம், 1972 ஆஸ்திரேலிய சாம்பியன்ஷிப். அந்தக் காலத்தில் மாநில லீக்குகளின் சாம்பியன்கள் பருவ முடிவில் ஒரு போட்டி ஆடுவார்கள். அந்த வருடம் விக்டோரியாவிலிருந்து வந்தது கார்ல்டன். விஎஃப்எல் இறுதி ஆட்டத்தில் ரிச்மண்டுக்கு எதிராக 177 புள்ளி எடுத்த அணி. அதுவரை எந்த இறுதி ஆட்டத்திலும் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. அந்த கார்ல்டனை அடிலெய்டு ஓவலில் நார்த் அடிலெய்டு 73-72 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்கடித்தது. "பார், ராப்ரனின் அணி விக்டோரியாவின் சாம்பியனையே சாய்த்தது. அவர் அங்கே போயிருந்தாலும் ராஜாதான்" என்று வாதம் போகும்.

கேட்க இனிமையான வாதம். ஆனால் பக்கத்து வரிகளையும் படிக்க வேண்டும் இல்லையா? 1968 முதல் 1975 வரை அந்தப் போட்டி எட்டு வருடம் தொடர்ந்து நடந்தது. ஏழு தடவை ஜெயித்தது விக்டோரிய அணி. 1971இல் இதே நார்த் அடிலெய்டு ஹாதார்னிடம் தோற்றது. அந்த ஒரு புள்ளியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் மற்ற ஏழு ஆட்டங்களும் பின்னாலேயே வந்து நிற்கும். விஎஃப்எல்லில் பன்னிரண்டு அணிகள், பின்னால் பெரிய நகரம், பெரிய பணம். தென் ஆஸ்திரேலியாவில் பத்து அணிகள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் விக்டோரிய லீக் வலுவானது. இதை மறைத்து ராப்ரனைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது வாதம், கூட ஆடியவர்களை வைத்து அளப்பது. ராப்ரன் காலத்தில் மகாரி பதக்கத்தை வாங்கிய மற்றவர்களைப் பாருங்கள். 1971இல் போர்ட் அடிலெய்டின் ரசல் ஈபர்ட். 1972இல் வுட்வில்லின் மால்கம் பிளைட். பிளைட் 1974இல் நார்த் மெல்போர்னுக்குப் போனார், 1978இல் பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். மகாரி, பிரவுன்லோ இரண்டையும் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அப்படிப்பட்டவர் ஆடிய லீக்கில் ராப்ரன் மூன்று பதக்கம் வாங்கினார் என்றால் அவர் தரம் என்ன என்று யோசியுங்கள்...

இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. பிளைட்டின் தரத்துக்கு நான் எதைச் சான்றாகக் கொடுத்தேன்? பிரவுன்லோவை. அதாவது விக்டோரியா முத்திரை குத்திய பிறகுதான் பிளைட் செல்லுபடியாகிறார். அவர் வழியாகத்தான் ராப்ரனும் செல்லுபடியாகிறார். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நானும் அதே தராசைத்தான் கையில் எடுத்திருக்கிறேன். இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

மூன்றாவது வாதம் விசுவாசம். "மெல்போர்ன் பணத்தைக் காட்டிக் கூப்பிட்டும் அவர் தன் அணியை விட்டுப் போகவில்லை." இதுதான் மூன்றிலும் ரொம்ப நாசூக்கானது. விசுவாசம் என்ற சொல், ஊரில் இருப்பதையே விளக்கம் தேவைப்படும் காரியமாக மாற்றிவிடுகிறது. எதிர்ப்பக்கம் வைத்துப் பாருங்கள். டெட் விட்டன் தன் 321 ஆட்டங்களையும் மெல்போர்னின் மேற்கே ஃபுட்ஸ்க்ரே அணிக்காகவே ஆடினார். ஃபுட்டி வரலாற்றின் பெரிய பெயர்களில் ஒன்று. அவரைப் பற்றிய எந்தக் குறிப்பிலாவது "தென் ஆஸ்திரேலிய லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர்" என்று எழுதியிருக்கிறதா? எழுதினால் சிரிப்பார்கள். விட்டன் இருந்த இடத்திலேயே இருந்தார், அது இயல்பு. ராப்ரன் இருந்த இடத்திலேயே இருந்தார், அதற்கு மட்டும் காரணம் கேட்கிறோம். நல்ல காரணமாகவே கண்டுபிடித்துக் கொடுக்கிறோம் என்பது வேறு விஷயம்.

ஈபர்ட்டையும் பிளைட்டையும் ராப்ரனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் தெளிவாகிறது. பிளைட் போனார், பல வருடம் கழித்து வுட்வில்லுக்கே திரும்பி வந்தார். ஈபர்ட் 1979இல் ஒரே ஒரு பருவம் நார்த் மெல்போர்னுக்கு ஆடினார், அடுத்த வருடமே ஊர் திரும்பி நான்காவது மகாரி பதக்கத்தை வாங்கினார். ராப்ரன் போகவே இல்லை. மூன்று பேர், மூன்று வழி. பிளைட்டின் வழி ஒன்றுதான் முழுமையான வாழ்க்கை, மற்ற இரண்டும் ஏதோ குறையோடு நின்றுபோனவை என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் காலத்தில் அடிலெய்டில் இருந்து பார்த்தவர்களுக்கு ஊரில் இருப்பதுதான் வழக்கம், போவதுதான் விதிவிலக்கு.

"ஏன் இவ்வளவு கோபம்? ஒரு அடைமொழிதானே" என்று நீங்கள் கேட்கலாம். அடைமொழியோடு நின்றால் பரவாயில்லை. கணக்குப் புத்தகமும் இப்படித்தான் எழுதப்படுகிறது. 1990இல் விஎஃப்எல் பெயரை மாற்றிக்கொண்டு ஏஎஃப்எல் ஆனபோது, 1897 முதலான விக்டோரிய லீக்கின் கணக்கே தேசிய லீக்கின் கணக்காகத் தொடர்ந்தது. மற்ற மாநில லீக்குகளின் கணக்கு வேறு நோட்டில். இதன் விளைவுக்கு ராப்ரனின் அதே நார்த் அடிலெய்டிலிருந்தே ஒரு உதாரணம். 1929 முதல் 1941 வரை ஆடிய கென் ஃபார்மர் 224 ஆட்டங்களில் 1417 கோல் போட்டார். ஏஎஃப்எல் பட்டியலில் முதலிடம் டோனி லாக்கெட்டுக்கு, 1360. பட்டியலைப் பார்க்கும் சின்னப் பையனுக்கு 1417 என்ற எண் கண்ணிலேயே படாது.

ஹால் ஆஃப் ஃபேம் கதையும் இதுதான். ஆஸ்திரேலிய ஃபுட்டிக்கென்று, விக்டோரியாவுக்கென்று அல்ல, 1996இல் அது தொடங்கியபோது பன்னிரண்டு பேருக்கு 'லெஜெண்ட்' நிலை கொடுத்தார்கள். பன்னிரண்டு பேருமே விஎஃப்எல்லில் ஆடியவர்கள். அங்கே ஆடாமல் அந்த நிலைக்குப் போன முதல் ஆள் ராப்ரன், 2001இல். அந்த "முதல்" என்ற சொல்லை ராப்ரனின் பெருமையாக மட்டும் நான் படிக்கவில்லை. அதற்கு முந்தைய ஐந்து வருடப் பட்டியலைப் பற்றிய விமர்சனமாகவும் படிக்கிறேன்.

இன்னொரு சங்கதியும் உண்டு. மாநிலங்களை ஒப்பிட உண்மையிலேயே ஒரு களம் இருந்ததே, மாநில ஆட்டங்கள், அதை வைத்து அளக்கலாமே என்று தோன்றும். அந்தத் தராசும் நேரானதல்ல. 1977 வரை ஒருவர் பிறந்த மாநிலத்துக்கு அல்ல, அப்போது ஆடும் லீக்கின் மாநிலத்துக்குத்தான் ஆடினார். மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு நல்ல ஆட்டக்காரரை விலைக்கு வாங்கி, அவரை வைத்தே மேற்கு ஆஸ்திரேலியாவைத் தோற்கடிக்க விக்டோரியாவால் முடிந்தது. 1977இல் நடந்ததே அதுதான். வழக்கமான விதிப்படி நடந்த ஆட்டத்தில் விக்டோரியா மேற்கு ஆஸ்திரேலியாவை 63 புள்ளியில் வென்றது. அதே வருடம் அக்டோபரில், சொந்த மாநிலத்துக்கே ஆடலாம் என்ற புது விதியில் பெர்த்தில் ஆடியபோது மேற்கு ஆஸ்திரேலியா 94 புள்ளியில் வென்றது. சில மாத இடைவெளியில் 157 புள்ளி வித்தியாசம். விதி ஒன்றே இத்தனையையும் மாற்றியது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அதற்கு முந்தைய மாநில ஆட்ட முடிவுகளை வைத்து "எந்த மாநிலம் உசத்தி" என்று யாராவது பேசினால் இந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள்வது நல்லது.

அப்படியென்றால் ராப்ரனை எதை வைத்துத்தான் மதிப்பிடுவது?

என் பதில் ரொம்பச் சாதாரணமானது. அவர் ஆடிய ஆட்டங்களை வைத்து. மகாரி பதக்கத்துக்கான வாக்குகளைப் போடுபவர்கள் பத்திரிகையாளர்களோ ரசிகர்களோ இல்லை. ஆட்டத்தின் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் நடுவர்கள். ஒரு நாள் ஒரு பெரிய மார்க் பிடித்தால் தலைப்புச் செய்தியில் வரலாம், பதக்கம் வராது. வாராவாரம், குளிரிலும் மழையிலும், எதிரணி உங்களை மட்டும் குறிவைத்து ஆள் போட்ட பிறகும் நன்றாக ஆடியிருக்க வேண்டும். நேர்மையாகவும் ஆடியிருக்க வேண்டும், தண்டனைத் தடை வாங்கியவருக்குப் பதக்கம் கிடையாது. ஆறு பருவத்தில் மூன்று முறை இது ஒருவருக்குக் கிடைத்தால், அவர் அந்தக் களத்தை ஆண்டிருக்கிறார் என்று அர்த்தம். வேறு களத்தில் என்ன செய்திருப்பார் என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. அந்தப் பதில் நமக்குத் தேவையும் இல்லை.

வெளியூர்க்காரனாக எனக்கு ஒரு வரம்பு உண்டு, அதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் ராப்ரன் ஆடி நேரில் பார்த்ததில்லை. இணையத்தில் கிடைக்கும் கொஞ்சம் படத்துண்டுகள்தான். அவற்றில் என் கண்ணில் நிற்பது அவருடைய நிதானம். சுற்றிலும் இடிபாடு நடக்கும்போதும் பந்தை எடுக்கக் குனிந்து நிமிர்பவருக்கு நேரம் அதிகம் இருப்பது மாதிரி இருக்கிறது. இரண்டு நிமிடப் படத்தை வைத்துப் பதினான்கு பருவத்தை எடைபோட முடியாதுதான். அதனால்தான் பார்த்தவர்களின் சாட்சியம் முக்கியம். பார்த்தவர்கள் அடிலெய்டுக்காரர்கள். அவர்கள் சொல்வதை "உள்ளூர்ப் பாசம்" என்று தள்ளுகிறவர்கள், மெல்போர்ன்காரர்கள் விட்டனைப் பற்றிச் சொல்வதை மட்டும் ஏன் வரலாறு என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ராப்ரனின் மகன் மேத்யூ 1997, 1998 இரண்டு வருடமும் அடிலெய்டு க்ரோஸ் அணியில் ஏஎஃப்எல் சாம்பியன் ஆனார். பயிற்சியாளர் யார் தெரியுமா? மால்கம் பிளைட். மகன் காலத்தில் நிலைமையே வேறு. தேசிய லீக் ஒன்றுதான் உச்சம், மாநில லீக் உண்மையிலேயே கீழ்ப்படி ஆகிவிட்டது. மகன் காலத்து வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் பாதையைத் தேடுகிறோம். வழி தெரியாமல் போனால் பாதையைக் குறை சொல்கிறோம்.

கடைசியாக ஒரு சின்னப் பயிற்சி செய்து பார்த்தேன். விக்டோரியா, விஎஃப்எல், மெல்போர்ன் என்ற சொற்களே வராமல் ராப்ரனைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுத முடியுமா என்று. இதோ:

"பாரி ராப்ரன், பிறப்பு 1947, வையாலா. நார்த் அடிலெய்டு அணிக்காக 1967 முதல் 1980 வரை 201 ஆட்டங்கள். மகாரி பதக்கம் 1968, 1970, 1973. அணியின் சிறந்த ஆட்டக்காரர் ஏழு முறை. 1971, 1972 சாம்பியன் அணியில் இருந்தவர். ஹால் ஆஃப் ஃபேமில் லெஜெண்ட், 2001."

நன்றாகவே இருக்கிறது. எதுவும் குறைந்த மாதிரி தெரியவில்லை. ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் அந்தச் சொற்கள் இல்லாமல் எழுத முடியவில்லை: 1974இல், 26 வயதில், விக்டோரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் முறிந்தது. அவர் விக்டோரியாவுக்கு ஆடப் போகவில்லை என்று ஐம்பது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். விக்டோரியாவோடு ஆடப் போன இடத்தில் அவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்பதையும் அதே முதல் வாக்கியத்தில் எழுதலாம்.